விசுவாச வாழ்க்கைக்குப் புதியவரா? முதல் மூன்று மாதங்களுக்கு ஒரு வழிகாட்டி

சபைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையை எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். பக்கத்தில் இருப்பவர் எழுந்தால் எழுந்து, உட்கார்ந்தால் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தில் எண்ணைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு சரணம் போய்விட்டாலும், ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும். திண்டாட்டம் திங்கட்கிழமை காலையில்தான் ஆரம்பிக்கிறது. குழந்தைக்கு டிபன் கட்ட வேண்டும், தண்ணீர் லாரி வந்து நிற்கிறது, மாமியாரோடு நேற்று ராத்திரி நடந்த பேச்சு மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. இதில் விசுவாசம் எங்கே வருகிறது?

அந்தத் திங்கள் முதல் சனி வரைக்கும்தான் இந்தக் கட்டுரை. நீங்களாகவே கிறிஸ்துவைத் தேடி வந்தவராக இருக்கலாம், கிறிஸ்தவக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தவராக இருக்கலாம், பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போயும் இப்போதுதான் மனதார ஆரம்பிக்கிறவராகவும் இருக்கலாம். மூன்று பேருக்கும் வழி ஒன்றுதான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விசுவாசத்தில் வளர்கிறோமா என்று பார்க்க வேண்டிய இடம் வீடு. உங்களோடு ஒரே கூரைக்குள் இருப்பவர்களுக்கு, உங்களோடு காலம் தள்ளுவது போன மாதத்தைவிடக் கொஞ்சமாவது சுலபமாகியிருக்கிறதா என்று பாருங்கள். கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராதவன் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான் என்று யோவானின் முதல் நிருபம் (4:20) நேராகவே கேட்கிறது. கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிற வழிகள்தான்.

வேதாகமம்: எங்கே தொடங்குவது

புத்தகம் வாங்கும்போதே ஒரு குழப்பம் வரும். சிஎஸ்ஐ, லுத்தரன், மெதடிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் ‘பரிசுத்த வேதாகமம்’ என்ற பழைய மொழிபெயர்ப்பைத்தான் வாசிக்கிறார்கள். அதில் 66 புத்தகங்கள். கத்தோலிக்கக் கோயில்களில் 1995-இல் வெளிவந்த ‘திருவிவிலியம்’. கத்தோலிக்கப் பதிப்பில் 73. முன்னதில் ‘சங்கீதம்’ என்று இருப்பது பின்னதில் ‘திருப்பாடல்கள்’, ‘ஆதியாகமம்’ என்று இருப்பது ‘தொடக்க நூல்’. நீங்கள் போகிற கோயிலில் எது வாசிக்கப்படுகிறதோ அதையே வாங்கிக்கொள்ளுங்கள். பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் கடினமாக இருந்தால், எளிய தமிழ்ப் பதிப்பு ஒன்றைக் கைப்பேசியில் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். எழுத்து பெரிதாக உள்ள பிரதியாகப் பார்த்து வாங்குங்கள். விடியற்காலை வெளிச்சத்தில் பொடி எழுத்து வாசிக்கிற உற்சாகம் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது.

ஜனவரி 1-ஆம் தேதி ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் ஆரம்பித்து, ஒரே வருஷத்தில் முழு வேதாகமத்தையும் முடிக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். மொத்தம் 1,189 அதிகாரம். ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும். ஆதியாகமம் கதை கதையாக ஓடும், யாத்திராகமம் பாதிவரை பரபரப்பாக இருக்கும், அப்புறம் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகளும் லேவியராகமத்தின் பலி முறைகளும் வரும். அங்கே நின்றுபோனவர்கள் அடுத்த ஜனவரியில் மறுபடி ஆதியாகமத்தில் ஆரம்பிப்பார்கள்.

புதியவருக்கு மாற்கு சுவிசேஷம்தான் சரி. பதினாறே அதிகாரம். ஒரு நாளைக்கு ஒன்று என்றால் இரண்டு வாரம், இரண்டு நாள். நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது, வேகமானதும்கூட. முதல் அதிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெப ஆலயத்திலிருந்து வெளியே வந்த இயேசு நேராக ஒரு வீட்டுக்குப் போகிறார். அங்கே சீமோனின் மாமியார் ஜுரமாகக் கிடக்கிறாள். அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார், ஜுரம் போகிறது. சாயங்காலம் ஊரே வாசலில் கூடிவிடுகிறது. மறுநாள் இருட்டோடே எழுந்து, ஆளில்லாத இடத்துக்குப் போய் ஜெபிக்கிறார். கோயில், வீடு, மாமியார், கூட்டம், தனிமை எல்லாம் ஒரே நாளுக்குள் வந்துவிடுகின்றன. உங்கள் நாளும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

மாற்கு முடிந்ததும் லூக்கா, பிறகு யோவான். நடுவே ஆதியாகமம் 37 முதல் 50 வரை உள்ள யோசேப்பின் கதையை ஒரே மூச்சில் வாசியுங்கள். அண்ணன் தம்பிச் சண்டை உள்ள எந்த வீட்டுக்கும் அது தேவைப்படும். நீதிமொழிகளில் 31 அதிகாரம் இருப்பதால், தேதிக்கு ஒன்றாகப் படிப்பது பலருக்குப் பழக்கம். அதையும் செய்யலாம்.

வாசிக்கும்போது ஒரு நோட்டில் இரண்டே வரி எழுதினால் போதும்: இதில் எனக்குப் புரியாதது என்ன, இன்றைக்கு நான் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா. புரியாததைப் போதகரிடம் கேளுங்கள். இரண்டாவதற்கு ஒவ்வொரு நாளும் பதில் கிடைக்காது, பரவாயில்லை.

வாக்குத்தத்த அட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். புத்தாண்டு ஆராதனையில் தட்டிலிருந்து ஒரு அட்டை எடுப்போம், அந்த வசனம் வருஷம் முழுவதும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும். நல்ல வழக்கம்தான், நானும் எடுக்கிறேன். ஆனால் அட்டையில் வருகிற வசனத்தின் முன்னும் பின்னும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மிகவும் விரும்பி ஒட்டப்படுகிற எரேமியா 29:11, சமாதானத்துக்கேதுவான நினைவுகளைப் பற்றிச் சொல்கிறது. அதற்கு முந்தின வசனத்தில், பாபிலோனில் எழுபது வருஷம் ஆகும் என்று இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் பலர் திரும்பிப் போவதைப் பார்க்க உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். அவர்களுக்குத்தான், வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று எரேமியா எழுதுகிறார். அட்டையில் இல்லாத அந்தப் பகுதிதான் அன்றாட வாழ்க்கைக்கு அதிகம் உதவும்.

ஜெபம்: பத்து நிமிஷம் போதும்

சபையில் பெரியவர்கள் ஜெபிப்பதைக் கேட்டால் புதியவருக்குப் பயம் வந்துவிடும். ‘பரலோகத்தில் வீற்றிருக்கிற எங்கள் நல்ல தகப்பனே’ என்று தொடங்கி அருவி மாதிரி கொட்டும். அதைப் பார்த்து மனப்பாடம் செய்ய வேண்டாம். வீணாக வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்று இயேசுவே சொல்லிவிட்டுத்தான் (மத்தேயு 6:7) பரமண்டல ஜெபத்தைக் கற்றுக்கொடுக்கிறார்.

அந்த ஜெபத்தையே எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரியிலும் நிற்கப் பழகுங்கள். ‘அன்றன்றுள்ள ஆகாரம்’ வரும்போது இன்றைய தேவையைச் சொல்லுங்கள்: பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை, அப்பாவின் மருந்து. ‘எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல’ வரும்போது ஒரு ஆளின் பெயரைச் சொல்லுங்கள். பெயர் சொல்ல நாக்கு எழவில்லையென்றால் அந்த இடத்திலேயே நின்று யோசியுங்கள். அந்த ஜெபம் முழுவதிலும் இயேசு திரும்ப எடுத்து விளக்கம் சொல்வது இந்த ஒரு வரிக்கு மட்டும்தான். மத்தேயு 6:14, 15-ஐப் பாருங்கள்.

மீதி நேரத்தில் சாதாரணமாகப் பேசுங்கள். இந்த அளவு போதும்:

“ஆண்டவரே, இன்னைக்கு மேனேஜரோட மீட்டிங் இருக்கு. அவரப் பார்த்தாலே எனக்கு எரிச்சலா வருது. என் வாயக் காத்துக்கோங்க. பாப்பாவுக்கு இருமல் நிக்கணும். நேத்து நைட்டு நான் கத்துனது தப்பு. சாயங்காலம் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடறேன், தைரியம் குடுங்க. ஆமென்.”

நேரமே இல்லை என்பவர்களுக்கு, முக்கியமாகச் சமையலறையிலேயே நாள் போகிறவர்களுக்கு, லாரன்ஸ் சகோதரரைப் பற்றிச் சொல்கிறேன். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடம் ஒன்றில் சமையல் வேலை பார்த்த எளிய துறவி அவர். வயதான பிறகு மடத்தில் செருப்பு தைத்தார், 1691-இல் இறந்தார். அடுக்களைச் சத்தத்தின் நடுவிலும், பீடத்தின் முன் முழங்காலில் நிற்கும்போது இருப்பதுபோலவே கடவுளோடு இருக்கப் பழகினார் என்பதுதான் அவரைப் பற்றி நிலைத்திருக்கிற செய்தி. பாத்திரம் தேய்க்கும்போது, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஒரே ஒரு வாக்கியம் சொல்வதும் ஜெபம்தான். காலையில் பத்து நிமிஷம் கிடைக்காத நாளில் குற்ற உணர்ச்சியோடு அலைய வேண்டாம்.

இன்னொன்று. மற்றவர்களுக்காக ஜெபிப்பது நல்லது. ஆனால் ‘ஜெபக்குறிப்பு’ என்ற பெயரில் அடுத்த வீட்டு ரகசியம் ஊர் சுற்றுவதைச் சீக்கிரமே பார்ப்பீர்கள். “அவங்க பொண்ணுக்காக ஜெபம் பண்ணிக்கோங்க, என்னன்னு கேக்காதீங்க” என்று சொல்லிவிட்டு, கேட்காமலேயே முழுக் கதையையும் சொல்லிவிடுவார்கள். உங்களிடம் வந்தது உங்களோடு நிற்கட்டும். குறிப்பாக, வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம்.

வீடு: அன்பு பழகுகிற இடம்

1 கொரிந்தியர் 13-ஆம் அதிகாரத்தைக் கல்யாணப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். பவுல் அதைக் கல்யாணத்துக்காக எழுதவில்லை. ஒருவரையொருவர் கோர்ட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்த, கர்த்தருடைய பந்திக்கு வந்த இடத்தில் ஒருவர் பசியாய் இருக்க இன்னொருவர் வெறித்துப்போயிருந்த ஒரு சபைக்கு எழுதினார் (அதே நிருபத்தின் 6-ஆம், 11-ஆம் அதிகாரங்களைப் பாருங்கள்). அதாவது, ஒத்துவராத ஆட்களோடு எப்படி வாழ்வது என்பதற்கான அதிகாரம் அது. நம் வீட்டுக்கு அளவெடுத்துத் தைத்தது.

அதிலுள்ள எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்ய முயலாதீர்கள். ‘தீங்கு நினையாது’ என்ற இரண்டு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நடைமுறையில் இதற்கு ஒரே பயிற்சிதான்: ஒரு வாரத்துக்கு, வாக்குவாதம் வரும்போது பழைய கணக்கை எடுக்கக் கூடாது. “அன்னைக்கும் இப்படித்தான் பண்ணீங்க”, “உங்க தங்கச்சி கல்யாணத்துல என்ன நடந்துச்சுன்னு மறக்கல” என்ற வாக்கியங்களுக்கு விடுமுறை. இன்றைய சண்டையை இன்றைய விஷயத்தோடு மட்டும் போடுங்கள். செய்து பார்த்தால் தெரியும், பாதிச் சண்டைகள் பேச ஆள் இல்லாமல் ஐந்து நிமிஷத்தில் அடங்கிவிடும். சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன் எரிச்சல் தணியட்டும் என்கிற எபேசியர் 4:26 இந்த இடத்தில் கைகொடுக்கும். எல்லாம் தீர்ந்துவிட வேண்டும் என்று அங்கே சொல்லவில்லை. எரிச்சல் அடங்கினால் போதும், பேச்சை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது மன்னிப்புக் கேட்பது. இது நம் வீடுகளில் வழக்கமே இல்லாத ஒரு காரியம். சண்டை முடிந்தது என்பதற்கு அடையாளம், “சாப்பிட வாங்க” என்ற குரல்தான். அது ஒரு அழகான வழக்கம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால் காயம் உள்ளே அப்படியே இருக்கும். மலைப்பிரசங்கத்தில் இயேசு சொல்வதைக் கவனியுங்கள் (மத்தேயு 5:23, 24): பலிபீடத்தில் காணிக்கை வைக்கும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு. இதைக் கேட்டவர்களில் பலர் கலிலேயாக்காரர்கள். பலிபீடம் இருந்தது எருசலேமில், நடந்து போக மூன்று நாளாவது ஆகும். பலி ஆட்டை அப்படியே விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, பேசித் தீர்த்துவிட்டு மறுபடி வா என்கிறார். நமக்கு அடுத்த அறைக்குப் போனால் போதும்.

எப்படிக் கேட்பது? மருமகள் ஒருத்தி மாமியாரிடம் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

“அத்தை, காலையில நான் பேசுன விதம் சரியில்ல. எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க.”

அவ்வளவுதான், அதோடு நிறுத்துங்கள். “ஆனா நீங்களும்…” என்று அடுத்த வார்த்தை வந்தால் முதல் மூன்று வாக்கியமும் வீண். அத்தை “சரி சரி, போய் வேலையப் பாரு” என்று சொன்னால் அதுதான் பதில், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். அன்றைக்கு ராத்திரி உங்கள் தட்டில் கூடுதலாக ஒரு துண்டு மீன் விழுந்தாலும் விழலாம். பிள்ளைகளிடம் கேட்பதும் இதில் அடங்கும். “அப்பா அவசரத்துல உன்ன அடிச்சிட்டேன், அது தப்பு” என்று ஒரு தகப்பன் சொல்வதைக் கேட்ட பிள்ளைக்கு, பாவமன்னிப்பைப் பற்றி ஞாயிறு பள்ளியில் அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

உங்களுக்குத் தீங்கு செய்தவரிடம் பேசுவது இதைவிடக் கஷ்டம். மத்தேயு 18:15 வழி சொல்கிறது: முதலில் தனியாகப் போய் அவரிடமே சொல். நாம் பெரும்பாலும் அவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் சொல்லிவிடுகிறோம்.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். மன்னிப்பது என்றால் அடிவாங்கிக்கொண்டே இருப்பது என்று அர்த்தம் கிடையாது. ‘பொறுமையாக இரு, ஜெபம் பண்ணு’ என்று சொல்லி, குடித்துவிட்டு அடிக்கிற கணவனிடமே பெண்களைத் திருப்பி அனுப்புகிற ஆலோசனை சபைகளில் இன்றும் இருக்கிறது. அது தவறான ஆலோசனை. பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். மன்னிப்பதைப் பற்றி உயிருக்கு ஆபத்தில்லாத இடத்தில் இருந்துகொண்டு யோசிக்கலாம்.

வீட்டில் மற்றவர்கள் வேறு நம்பிக்கையில் இருந்தால்

வீட்டில் நீங்கள் ஒருவர் மட்டும் விசுவாசத்துக்கு வந்திருந்தால், முதல் மூன்று மாதம் பிரசங்கம் செய்யவே செய்யாதீர்கள். பூஜை அறையைப் பற்றி ஒரு வார்த்தையும் குறைவாகப் பேசாதீர்கள். விசுவாசிக்காத கணவர்கள் மனைவியின் நடக்கையைப் பார்த்து, போதனையின்றியே ஆதாயப்படுத்திக்கொள்ளப்படலாம் என்று பேதுரு எழுதுகிறார் (1 பேதுரு 3:1). அப்பா அம்மாவைக் கனம்பண்ணு என்ற கட்டளைக்கு, அவர்கள் கிறிஸ்தவர்களாக இருந்தால் மட்டும் என்று நிபந்தனை எதுவும் இல்லை.

பண்டிகை நாட்கள்தான் சிக்கல். படைத்த உணவைச் சாப்பிடலாமா என்ற கேள்வி கொரிந்து சபையிலேயே இருந்தது (1 கொரிந்தியர் 8, 10). இன்றும் சபைக்குச் சபை பதில் மாறுகிறது. உங்கள் போதகரிடம் பேசி முடிவெடுங்கள். முடிவு எதுவானாலும் அதைத் தட்டு நீட்டப்படுகிற நேரத்தில் அறிவிக்காதீர்கள். இரண்டு நாள் முன்னதாக, தனியாகச் சொல்லுங்கள்:

“அம்மா, பொங்கலுக்கு நான் முந்தின நாளே வந்துடறேன். வெள்ளையடிக்கறது, கோலம், கரும்பு வாங்கறது எல்லாம் கூடவே இருந்து செய்யறேன். சாமி கும்பிடற நேரத்துல மட்டும் ஓரமா நின்னுக்கறேன். உங்கள மதிக்கலன்னு நெனச்சுராதீங்கம்மா.”

அம்மா அழலாம், கோபப்படலாம். வேலையை நிஜமாகவே செய்து கொடுங்கள்.

ஒரு குணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்

கலாத்தியர் 5:22, 23-இல் ஆவியின் கனி என்று ஒன்பது பண்புகள் வரிசையாக வருகின்றன: அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். ஒன்பதையும் சுவரில் ஒட்டிவைத்தால் எதுவும் நடக்காது. வீட்டில் உங்களை நன்றாக அறிந்த ஒருவரிடம், “என்கிட்ட எத முதல்ல மாத்தணும்னு நினைக்கிறீங்க?” என்று கேளுங்கள். பதில் தயாராக இருக்கும், யோசிக்கவே மாட்டார்கள். நீங்கள் நினைத்துவைத்திருந்தது பெரிய பாவம் ஏதோ ஒன்றாக இருக்கும். அவர்கள் சொல்வதோ, “சாப்பிடும்போது போனைப் பார்க்காதே” என்று இருக்கும். அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி படுக்கும் முன், அன்றைய நாளை ஐந்து நிமிஷம் காலையிலிருந்து ஓட்டிப் பாருங்கள். 16-ஆம் நூற்றாண்டில் இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த ஆன்ம சோதனை இந்த வகைதான். முதலில் நன்றி சொல்ல எது இருந்தது, பிறகு எங்கே தவறினேன், நாளைக்கு அதே நேரம், அதே ஆள் வரும்போது என்ன செய்யப்போகிறேன். கடைசிக் கேள்விதான் முக்கியம். ‘இனிமேல் கோபப்பட மாட்டேன்’ என்பது நிற்காது. ‘காலை ஏழே காலுக்கு மகன் ஷூவைத் தேடும்போது நான் பேசாமல் போய்த் தேடிக் கொடுப்பேன்’ என்பது நிற்கும்.

உடம்பையும் மறக்க வேண்டாம். எலியா தீர்க்கதரிசி சோர்ந்துபோய், சாக வேண்டும் என்று கேட்டு ஒரு செடியடியில் படுத்துவிடுகிறார் (1 இராஜாக்கள் 19). தேவதூதன் வந்து புத்தி சொல்லவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான், தூங்கவிடுகிறான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். கடவுள் பேசுவது அதற்கெல்லாம் பிறகுதான். இரவு ஒரு மணி வரை ரீல்ஸ் பார்த்துவிட்டு, காலையில் ‘ஏன் எனக்குப் பொறுமையே இல்லை’ என்று ஜெபிக்கிறவர்கள் முதலில் தூங்க வேண்டும்.

சபைக்குள்

நடைமுறை விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பல கோயில்களில் செருப்பை வெளியே விட வேண்டும். பெண்கள் முக்காடு போடுவது பரவலான வழக்கம். கிராமத்துக் கோயில்களிலும் பல பெந்தெகொஸ்தே சபைகளிலும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். திருவிருந்து அல்லது நற்கருணை கொடுக்கும்போது, நீங்கள் எடுக்கலாமா என்று தெரியாவிட்டால் இடத்திலேயே உட்கார்ந்திருங்கள். சிஎஸ்ஐயில் பெரும்பாலும் திடப்படுத்தல் (ஞானஸ்நானத்துக்குப் பிறகு விசுவாசத்தை உறுதிசெய்கிற சடங்கு) பெற்றவர்களுக்குத்தான் திருவிருந்து, கத்தோலிக்கத்தில் முதல் நற்கருணை வாங்கியவர்களுக்கு. யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

ஆராதனை முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். சபையில் ஆட்களைத் தெரிந்துகொள்வது சேர்ந்து வேலை செய்கிற இடத்தில்தான். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் அசனம் நடக்கும். ஊரே கூடிச் சமைத்து, கோயில் வளாகத்தில் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அப்படி ஒரு நாள் வந்தால் முந்தின நாளே போய் வெங்காயம் உரிக்க உட்காருங்கள். ஆறு மாதம் ஆராதனையில் பக்கத்தில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள முடியாதவர்களை, ஒரு மூட்டை வெங்காயம் முடிவதற்குள் தெரிந்துகொள்வீர்கள்.

கசப்பான ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. சபைகளுக்குள்ளும் சாதி இருக்கிறது. தென்னிந்திய மிஷன் சபைகளில் சாதிப் பாகுபாட்டை விட்டுவிட வேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இலேயே சுற்றறிக்கை அனுப்பினார். அதற்குச் சபைகளுக்குள் கடும் எதிர்ப்பு வந்தது. இன்றும் தனிக் கல்லறைத் தோட்டங்கள் உள்ள ஊர்கள் உண்டு. ‘கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று’ என்று பாடுகிற வீட்டிலேயே, கல்யாணப் பேச்சு எடுக்கும்போது முதல் கேள்வி வேறாக இருக்கும். புதியவர் இதைப் பார்த்து அதிர்ச்சியாகிறார், சிலர் அதோடு போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருக்கிறவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: யார் வீட்டில் நீங்கள் இதுவரை கை நனைக்கவில்லையோ அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள், அவர்களை உங்கள் வீட்டுக்கும் கூப்பிடுங்கள். நம் ஊரில் அன்பைச் சோதித்துப் பார்க்க இதைவிடக் கறாரான பரீட்சை எனக்குத் தெரியவில்லை.

எந்தச் சபையாக இருந்தாலும் சில விஷயங்களைக் கண்டால் விலகிவிடுங்கள். மருந்தை நிறுத்து, விசுவாசம் போதும் என்று சொன்னால் விலகுங்கள். பவுல் தன்னோடு இருந்த லூக்காவைப் ‘பிரியமான வைத்தியன்’ என்றுதான் அழைக்கிறார் (கொலோசெயர் 4:14). குடும்பத்தோடு பேச்சை முறித்துக்கொள் என்று சொன்னாலும், ஊழியர் ஒருவரைக் கேள்வி கேட்டாலே சாபம் வரும் என்று மிரட்டினாலும் அப்படியே.

பணம்

பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகக் கொடுப்பது பல சபைகளில் எதிர்பார்க்கப்படுகிறது. புதியவர் முதல் மாதமே அதில் இறங்க வேண்டியதில்லை. கட்டாயமாயுமல்ல, மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன் என்பதுதான் 2 கொரிந்தியர் 9:7 சொல்வது. கடன் வாங்கிக் காணிக்கை போடாதீர்கள். வட்டி கட்டிக்கொண்டிருந்தால் அதை முடிப்பதும், வயதான பெற்றோருக்கு மாதம் பணம் அனுப்புவதும் கடமைதான். தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிடுகிறவர்களை மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் இயேசு கடுமையாகக் கண்டிக்கிறார். சபையின் வரவு செலவுக் கணக்கு சபைக்குச் சொல்லப்படுகிறதா என்றும் பாருங்கள். வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்குச் சம்பளத்தைத் தேதி தவறாமல் கொடுப்பது எந்த அன்பளிப்பையும்விட முன்னால் வர வேண்டும்.

வறண்ட நாட்கள்

ஏழாவது, எட்டாவது வாரத்தில் உற்சாகம் வடிந்துவிடும். ஜெபிக்க உட்கார்ந்தால் கொட்டாவி வரும். விசுவாசம் போய்விட்டதோ என்று பயப்படுவீர்கள். சங்கீதம் 13-ஐத் திறங்கள். ‘எதுவரைக்கும்’ என்று நான்கு முறை கேட்கிறது. 88-ஆம் சங்கீதம் இன்னும் மோசம், கடைசி வரை வெளிச்சமே வராமல் இருளில் முடிகிறது. அதையும் வேதாகமத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அன்னை தெரசா பல பத்தாண்டுகள் உள்ளுக்குள் இப்படி ஒரு வறட்சியோடுதான் வேலை செய்தார் என்பது, 2007-இல் அவருடைய கடிதங்கள் புத்தகமாக வெளியானபோதுதான் உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது.

அந்த நாட்களில் புதிதாக எதையும் ஆரம்பிக்க வேண்டாம். பரமண்டல ஜெபம், ஒரு சங்கீதம், வீட்டில் ஒரு வேலை. ஆனால் தூக்கம் போய், சாப்பாடு போய், வாழ வேண்டாம் என்ற நினைப்பு வந்தால் அது வறட்சி கிடையாது, உடல்நலப் பிரச்சினை. அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள்.

ஞானஸ்நானம் பற்றி

மூன்று மாதம் கழித்து இந்தப் பேச்சு வரும். அவசரப்படுத்துகிறவர்களிடம் நேரம் கேளுங்கள். ஆயத்த வகுப்புகளுக்குப் போங்கள். பெற்றோருக்கு வேறு யார் வழியாகவோ தெரிவதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

சட்டம் சார்ந்த ஒரு விஷயமும் உண்டு. பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் கிறிஸ்தவராக மாறினால், 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அந்தச் சாதிச் சான்றிதழுக்கான உரிமை போய்விடும். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். ஞானஸ்நானம் பெற்ற பிறகும் வேலைக்காகப் பழைய சான்றிதழைக் கோர முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. இந்தச் சட்டம் நியாயமானதா என்பது பெரிய வாதம், அதற்காகப் பல வருஷமாகப் போராட்டமும் நடக்கிறது. ஆனால் ஞானஸ்நானம் எடுத்துவிட்டுச் சான்றிதழில் மட்டும் பழையபடி இருந்துகொள்ளலாம் என்று சபையில் யாராவது யோசனை சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள், வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள், பிள்ளைகளின் படிப்புக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். எல்லாம் தெரிந்துகொண்ட பிறகு போதகரிடம் போய்த் தேதி கேட்கலாம்.